வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

ரிங்லெட் கடைத்தெருவிலும், அதனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்களுக்கு வேலூர் என்பது வெறும் ஓர் ஊரின் பெயரன்று. இன்னார் வேலூருக்குப் போயிருக்கிறார் என்று ஒருவர் சொன்னால், அவர் கோட்டையைப் பார்க்கப் போனதாக யாரும் எண்ணுவதில்லை. என்ன வியாதியாம் என்றுதான் அடுத்த கேள்வி பிறக்கும். இங்குள்ள வைத்தியர்கள் கைவிரித்த பின் கடைசி நம்பிக்கையாக அவ்வூருக்குக் கப்பலேறியவர்களும், பிற்காலத்தில் விமானமேறியவர்களும் நம் ஜமாஅத்திலேயே உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி எப்படித் தோன்றியது, எவரால் தோன்றியது என்று கேட்டால் பதில் சொல்வோர் சிலரே. அது தோன்றிய கதையில் பெயர் தெரியாத ஒரு முஸ்லிம் பெண்ணின் மரணமும் கலந்திருக்கிறது என்பதை அறிந்தவர் அவரினும் சிலர். ஆகவே அந்த அம்மையாரின் வரலாற்றை இவ்விதழில் எழுத முற்பட்டோம்.

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த இராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர், கிறிஸ்தவ மிஷன் ஊழியர். தகப்பனார் ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடரே. அவர் 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். பின்னர் 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தவர். மகன், பேரன், மருமகள் என்று அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டிலேயே ஊழியம் புரிந்தனர். மத ஊழியத்திற்காக வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களும் அதை மறைத்ததில்லை.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண் இளமையிலேயே தொண்டு செய்யத் துடித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி நடுங்கிய 1876, 77, 78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஐடாவுக்கு வயது ஆறு, ஏழுதான். கையை உயர்த்தி உணவை வாயிலிடவும் தெம்பற்ற குழந்தைகளுக்கு அந்தச் சிறுமி ரொட்டித் துண்டுகளை ஊட்ட வேண்டியிருந்தது. அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஆனால் அது அவரை இந்தியாவின்பால் ஈர்க்கவில்லை, விரட்டியது. அமெரிக்காவுக்குச் சென்று நார்த்ஃபீல்டு என்னுமிடத்தில் பெண்கள் பள்ளியில் படித்த காலத்தில், இனி அந்த வெயிலும் வறுமையும் வேண்டாம், நல்ல இடத்தில் மணம் முடித்து அமெரிக்காவிலேயே இருந்துவிடுவது என்று உறுதி கொண்டிருந்தார். தோழிகளிடமும் அவ்வாறே சொல்லி வந்தார்.

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றதாகத் தகவல் வந்தது. தாயாருக்கு உதவியாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்புவது என்னும் எண்ணத்துடன் வந்தார். பெற்றோர் அப்போது தென்னாற்காடு ஜில்லா திண்டிவனத்தில் இருந்தனர். அங்கேதான் அந்த இரவு வந்தது.

ஐடா விளக்கடியில் அமர்ந்திருந்தார். ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண், தலைப்பிரசவம், மருத்துவச்சி இனித் தன்னால் ஆவதில்லை என்று சொல்லிவிட்டாள். அமெரிக்கப் பெண் வந்து காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். தான் வைத்தியம் படித்தவளல்ல, தன் தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது தம் குலத்துக்கு ஆகாது என்று கூறி, அந்த இளைஞர் கலங்கிய முகத்துடன் திரும்பிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடி காலடியோசை. அவர்தான் மனம் மாறி வந்துவிட்டார் என்று ஐடா எழுந்து சென்றார். வந்தவர் வேறு, ஒரு முஸ்லிம். அவர் மனைவியும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். ஐடா தகப்பனாரையே அழைத்து வந்து நிறுத்தினார். தாமும் கூடவே வந்து, தகப்பனார் சொல்லச் சொல்ல உதவி செய்வதாகவும் கூறினார். ஆயினும் குடும்பத்தாரைத் தவிர வேறு ஆடவர் கண்ணில் படாத பெண்ணை டாக்டரிடம் காட்ட அவரும் இசையவில்லை. மூன்றாவதாக மற்றோர் இந்து வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

பொழுது விடிந்தது. தெருவில் சாவுப் பறை கேட்டது. ஐடா வேலையாளை அனுப்பி விசாரித்து வரச் சொன்னார். மூன்று வீட்டிலும் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அன்று காலை அவர் பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவுக்குத் திரும்பப் போவதாகவும், ஆனால் மணம் முடிக்க அல்ல, டாக்டராகி மீண்டும் இங்கேயே வர என்றும் தெரிவித்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த முஸ்லிம் சகோதரர் கல்நெஞ்சரல்லர். மனைவியைக் காப்பாற்றும் ஆசையில்லாதவர் நடு இரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவாரா? அவரைத் தடுத்தது மார்க்கம் என்று அவர் நம்பினார். ஆனால் மார்க்கச் சட்டத்தை அறிந்த ஆலிம்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். பெண் வைத்தியர் கிடைக்காதபோது, உயிருக்கு ஆபத்து என்ற நிர்ப்பந்தத்தில், மஹ்ரமானவரோ பெண்களோ உடனிருக்க, ஆண் வைத்தியர் வேண்டிய அளவு பார்க்கலாம் என்பது ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டமே. அந்த இரவில் பிராமணரும் மற்றவரும் சொன்ன மறுப்பையே அவரும் சொன்னார் என்பதைக் கவனித்தால், தடையாக நின்றது ஊர் வழக்கம் என்பது விளங்கும்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக் கொண்டது. முதலில் சேர்ந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார் 1885இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். அதாவது திண்டிவனத்தில் அந்த மூவரும் மாண்ட காலத்தில், பர்தாவுக்குப் பங்கமின்றிப் பிரசவம் பார்க்கும் பெண் டாக்டர்கள் அதே ராஜதானியில் இருந்தார்கள். இருந்தும் என்ன? சுமார் 75 மைல் தூரத்தில் இருந்தார்கள். பிரசவ வேதனையில் துடிப்பவளுக்கு 75 மைலும் 7,500 மைலும் ஒன்றுதான்.

தூரமும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் என்ன நேரும் என்பதை நாமும் அறிவோம். இக்கட்டுரையை எழுதுபவனின் அத்தா ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். மாடியில் குடும்பம். நான் பிறப்பதற்கு முன் அம்மாவுக்கு ஒரு பிரசவம் கடினமாகிவிட்டது. வெளியே மழை. பக்கத்துத் தோட்டத்து டிரசரை அழைத்து வர அத்தா குடையோடு புறப்பட்டார். ஆண்பிள்ளை மாடியேறக் கூடாது என்று பாட்டியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்து பறிக்கும் தமிழம்மாள் ஒருவர் வந்து தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அம்மா பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த முறை, அதாவது என் முறை வந்தபோது, பாட்டியாரே முந்திக்கொண்டு வண்டி பிடிக்கச் சொல்லி, நாள் நெருங்குமுன்பே அம்மாவை ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு அனுப்பி வைத்தாராம். எவரும் அவரிடம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை என்று அம்மா சொல்லுவார். வரலாற்றுக்குத் திரும்புவோம்.

ஐடா 1895இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் நியூயார்க் நகரத்துக் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களை அனுமதிக்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் அவரும் ஒருவர். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். நியூயார்க்கில் ஷெல் என்னும் முதியவர், ஒரு வங்கியின் தலைவர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலருக்கு ஒரே செக்காக எழுதிக் கொடுத்தார். மனைவியை இழந்த மூவர் வெறுங்கையோடு திரும்பிய கதை, மனைவியை இழந்த மற்றொருவரின் மனத்தைத் தொட்டது போலும்.

1900ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா அம்மையார் வேலூர் வந்து சேர்ந்தார். பெற்றோர் அப்போது அவ்வூரில் இருந்தனர். தகப்பனாரிடம் சில ஆண்டுகள் பழகி அனுபவம் பெறலாம் என்று எண்ணியிருந்தார். அதற்கு வழியில்லாமல் போயிற்று. அவ்வாண்டிலேயே தகப்பனார் காலமானார். முப்பது வயதும் நிறையாத பெண், கையில் புதுப் பட்டம், ஊராருக்கு அறிமுகமில்லாத முகம். பெரிய டாக்டர் ஐயாவை நம்பிய சனங்கள் சின்ன அம்மாவை நம்பத் தயங்கினர். பெண் வைத்தியர் இல்லாத குறையால் பெண்கள் மாண்டனர் என்று கடல் கடந்து படித்து வந்தால், பெண் வைத்தியர் வந்த பிறகும் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது! ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்துவிட்டால் நோயாளிகள் தாமே ஓடி வருவர் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பங்களாவில் விருந்தினர் தங்கும் ஓர் அறை. 12 அடி நீளம், 10 அடி அகலம். அதில் ஒரே ஒரு கட்டில். அதுதான் வேலூர் ஆஸ்பத்திரியின் ஆரம்பம். மருந்து கொடுப்பது ஜன்னல் வழியாகவும் தாழ்வாரத்திலும். உதவிக்கு நர்ஸ் கிடையாது; வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி என்பவரே கூட நின்று, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டார். அவரையும் இவ்வரலாற்றில் மறக்கலாகாது. ஒருத்திக்குக் குணமானால் அவள் தெருவில் நால்வர் நம்பினர். நால்வரிலிருந்து நாற்பது. முதல் இரண்டாண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளை அம்மையார் பார்த்தார் என்று கணக்கு. 1902இல் ஷெல் அவர்களின் மனைவி பெயரால் 40 கட்டில்கள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் வரலாம், பார்ப்பவரும் பெண், பக்கத்தில் இருப்பவரும் பெண். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி என்பது நமக்குத் தெரியும். வெளியே வராத வீடுகளுக்கு அம்மையாரும் அவர் தோழி ஆனி ஹான்காக் என்பவரும் தாமே சென்று பழகினர். ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டு முன் வீட்டின் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்குக் காலம் பிடித்தது.

வரத் துணிந்தவர்கள் வந்தார்கள். வர முடியாதவர்கள்? கூலி வேலை செய்பவள் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கஞ்சி போயிற்று. மாட்டு வண்டி வாடகைக்கு வழியில்லை. கால் புண்ணோடு இருபது மைல் நடப்பது எப்படி? இதற்கு அம்மையார் கண்ட வழி மிக எளியது. அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவது. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரம் ஒரு நாள் மருந்துப் பெட்டியுடன் புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. பின்னர் பெஜோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் சிறு மோட்டார் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாடுமில்லை, குதிரையுமில்லை, புகையும் சத்தமுமாக ஏதோ வருகிறதென்று கிராமத்து மக்கள் வயற்காட்டில் இறங்கி ஓடினார்களாம். சில வாரங்களில் அதே மக்கள் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தனர்.

இன்ன நாள், இன்ன மரத்தடி என்பது சாலையோரக் கிராமங்களுக்கெல்லாம் மனப்பாடம். மரத்தடியே ஆஸ்பத்திரி. கண்நோய், சொறி சிரங்கு, காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, ஆறாப் புண் எல்லாம் வரிசையில் நிற்கும். ஊருக்குள் அனுமதிக்கப்படாத குஷ்டரோகிகளும் வந்தனர். அவர்களுக்கும் அங்கேயே கட்டுப் போடப்பட்டது. கத்தி வைக்க வேண்டிய கேஸ் என்று தெரிந்தால் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வேலூருக்குக் கொண்டு போவதும் உண்டு. சாதி பார்க்கும் காலத்தில், ஒரே மர நிழலில் எல்லாரும் ஒரே கையால் மருந்து வாங்கியது சிறிய காரியமன்று. என் மட்டில், பிற்காலத்தில் எழுந்த பெரிய கட்டிடங்களைவிட இந்தப் புளியமரத்தடி வைத்தியமே அம்மையாரின் பெரிய காரியம் என்று தோன்றுகிறது. கருத்து மாறுபடுவோர் இருக்கலாம்.

தாம் ஒருத்தி எத்தனை மைல் ஓட முடியும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நர்ஸுகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அதன் பின், இந்நாட்டுப் பெண்களையே டாக்டர்களாக்க வேண்டும் என்று முனைந்தார். அரசாங்க அதிகாரிகள் சிரித்தனர். மூன்று பெண்கள் மனுப்போட்டால் அதிகம் என்பது அவர்கள் மதிப்பீடு. 1918 ஆகஸ்டில் எல்.எம்.பி. பட்டத்துக்கான பெண்கள் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, இடமில்லை என்று பலரைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. கட்டிடம் வாடகை, எலும்புக்கூடு ஒன்று, புத்தகம் சில, நுண்ணோக்கி ஒன்று என்று சாமான்களும் சொற்பம். 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். பின்னர் வேலூர் நகரில் பெரிய ஆஸ்பத்திரியும், பாகாயத்தில் கல்லூரி வளாகமும் எழுந்தன. அமெரிக்காவில் லூசி பீபாடி அம்மையார் போன்றோர் திரட்டி அனுப்பிய பணம் இதற்கெல்லாம் உதவிற்று.

பெரும் சோதனை 1930களின் இறுதியில் வந்தது. சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை எடுத்துவிட்டு, இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று தீர்மானித்தது. அதற்கேற்ற பேராசிரியர்கள், கட்டில்கள், ஆய்வுக்கூடங்கள் இல்லையேல் பள்ளியை மூட வேண்டியதுதான். எழுபது வயதைக் கடந்துவிட்ட அம்மையார் 1941இல் பணம் திரட்ட அமெரிக்காவுக்குப் பயணமானார். உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். அப்போது இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஆண் மாணவர்களையும் சேர்த்துக் கொண்டால் பல மிஷன்கள் ஒன்றுகூடிப் பணமும் ஆளும் தரும், கல்லூரி பிழைக்கும். ஆனால் பெண்களுக்காகப் பெண்கள் கட்டிய ஸ்தாபனமாயிற்றே? லூசி பீபாடி அம்மையார் ஒரே பிடிவாதமாக எதிர்த்தார். இது கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. பல்லாண்டுத் தோழமையில் விரிசல் கண்டது. அம்மையார் நெடுநாள் தத்தளித்தார். முடிவில் கதவைத் திறப்பதற்கு இசைந்தார். 1942இல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர்.

இந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிக்கலாம். திண்டிவனத்து மூன்று வீட்டாரும் ஆண் டாக்டரை மறுத்ததால் பிறந்த ஸ்தாபனம், ஆண்களைச் சேர்த்ததால்தான் நிலைத்தது என்பது மட்டும் வரலாறு. அதற்குள் சனங்களும் மாறியிருந்தனர். பெண் டாக்டரிடம் குணம் கண்ட குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி என்பதே அச்சம் தராத இடமாகிவிட்டிருந்தது.

அம்மையார் 1946இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் தங்கினார். மணம் செய்து கொள்ளவேயில்லை. டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றதைக் கண்ணால் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. பால் பிராண்ட் என்னும் சர்ஜன் குஷ்டரோகத்தால் முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை அங்கே செய்து காட்டியதும், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் மூளை, நரம்பு வைத்தியத்துக்கெனத் தனித் துறை தொடங்கியதும் அம்மையார் உயிரோடிருந்த காலத்திலேயே. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று தவறாமல் அவர் கையில் வந்து சேர்ந்ததாகச் சொல்லுவார்கள். அத்தனை பெரிய நாட்டில் தபால்காரருக்கு வேறு விவரம் தேவைப்படவில்லை. 1960 மே மாதத்தில், 89ஆம் வயதில், கோடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது.

நம்மவர் வேலூருக்குப் போனால் பெரிய ஆஸ்பத்திரியின் கூட்டத்தையும், டோக்கன் வரிசையையும், விடுதி வாடகையையும் பற்றித்தான் வந்து பேசுவர். நேரமிருந்தால் குடியாத்தம் சாலையில் சற்றுத் தூரம் போய்ப் பார்க்கலாம். வழியில் கே.வி.குப்பம் என்றோர் ஊர் வரும். 1977இல் வேலூர்க் கல்லூரியார் அவ்வட்டாரத்துக் கிராமங்களுக்கென ஒரு சுகாதார நிலையத்தை அங்கே ஏற்படுத்தினர். பெஜோ வண்டி நின்று நின்று போன அதே சாலைதான் அது.